தாஹோ ஆறு உடைக்காத பாலம்

ஸ்பெயினின் மேற்கு ஓரத்தில், போர்ச்சுகல் எல்லையை ஒட்டி, தாஹோ ஆறு ஆழமான பாறைப் பள்ளத்தாக்கு வழியே ஓடுகிறது. அல்காந்தரா என்ற சிற்றூருக்குக் கீழே அந்த ஆற்றின் குறுக்கே ஒரு கருங்கல் பாலம் நிற்கிறது. 6 வளைவுகள், 5 தூண்கள், ஏறத்தாழ 180 மீட்டர் நீளம், நீருக்கு மேலே சுமார் 45 மீட்டர் உயரம். நடுவில் இருக்கும் இரண்டு பெரிய வளைவுகளும் தலா 28 மீட்டர் இடைவெளியைத் தாண்டுகின்றன. ரோமப் பேரரசர் டிராஜன் காலத்தில், கி.பி. 104 முதல் 106 வரையிலான ஆண்டுகளில் கட்டப்பட்டது. கட்டியவர் காயுஸ் யூலியுஸ் லாகெர்.

1,900 ஆண்டுகளாக நிற்கும் பாலம் என்றதும் உடனே ஒரு பேச்சு எழும்: அந்தக் காலத்துச் சாந்தின் ரகசியமே தனி, அது இன்று யாருக்கும் தெரியாது என்று. அல்காந்தராவைப் பொறுத்தவரை இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. லாகெர் கட்டிய பாலத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து கிடையாது. செதுக்கிய கருங்கற்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அதை இத்தனை காலம் நிறுத்தி வைத்திருப்பது எது?

பாலத்தின் வரலாற்றைப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இத்தனை நூற்றாண்டு வெள்ளத்தில் தாஹோ அதன் ஒரு வளைவைக்கூடப் பறித்துச் செல்லவில்லை. விழுந்த வளைவுகளையெல்லாம் வீழ்த்தியவர்கள் மனிதர்கள், அதுவும் போர்க்காலத்தில். ஒவ்வொரு முறை உடைந்தபோதும் மீண்டும் கட்டியவர்களும் மனிதர்களே. ஆகவே இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆற்றால் ஏன் முடியவில்லை? ஒரு வளைவை உடைத்தபோது மற்றவை ஏன் சேர்ந்து சரியவில்லை? இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. எனக்கோ அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

அதற்கு முன், பாலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாலத்தின் நடுவில், சாலையின் குறுக்கே, ஒரு தோரண வாயில் எழுகிறது. அதன் மேலிருக்கும் கல்வெட்டு, டிராஜனின் பட்டங்களை வரிசையாக அடுக்கி, அவருக்கு இதைச் சமர்ப்பிக்கிறது. அதை மட்டும் படிப்பவர் பேரரசர் கருவூலத்தைத் திறந்து கட்டிய பாலம் என்றே நினைப்பார். ஆனால் அதே வாயிலில் இன்னொரு கல்வெட்டும் இருக்கிறது. லுசித்தானியா மாகாணத்தைச் சேர்ந்த ஊர்கள் பணம் திரட்டி இந்தப் பால வேலையை முடித்தன என்று அது சொல்கிறது; சொல்லிவிட்டுப் பதினொரு சமூகங்களின் பெயர்களையும் பட்டியலிடுகிறது. அவற்றில் முதலில் வரும் இகயிதானி மக்களின் ஊர், இன்றைய போர்ச்சுகலில் இருக்கும் இதான்யா-அ-வெல்யா என்ற சின்னக் கிராமம். பட்டியலில் பெரிய நகரம் எதுவும் இல்லை. ஆற்றுக்கு வடக்கே மலைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த ஊர்கள், தெற்கே போகும் சாலையோடு தம்மை இணைத்துக்கொள்ளக் கைக்காசு போட்டிருக்கின்றன. பாலம் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர் கல்லில் நிற்பது எனக்கு லாகெரின் கணக்கைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அந்தப் பதினொரு பெயர்களில் சிலவற்றின் ஊர் எங்கே இருந்தது என்று இன்றும் ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பணம் போட்ட பாலத்தைத் தேட வேண்டியதில்லை.

இனி வளைவுக்கு வருவோம்.

கல்லுக்கு ஒரு குணம் உண்டு. நசுக்கினால் அபாரமாகத் தாங்கும். இழுத்தால் விரைவில் விரிசல் விடும். நல்ல கருங்கல்லால் செங்குத்தாக ஒரு தூணை எழுப்பிக்கொண்டே போனால், தன் எடையால் தன் அடிக்கல்லையே அது நொறுக்குவதற்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயர வேண்டும். அதே கருங்கல்லை உத்தரமாகக் கிடத்தி, இரு முனைகளையும் சுவரில் வைத்து நடுவில் பாரம் ஏற்றினால், உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கேதான் கல் தோற்றுப்போகும். அதனால்தான் கல் உத்தரம் வைத்த கட்டடங்களில் தூண்கள் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன. சில மீட்டருக்கு மேல் ஒரே கல்லால் எட்ட முடியாது.

வளைவு இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கும்போது, மேலிருந்து வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு சேர்த்து நெருக்குகிறது. இழுவை எங்கும் இல்லை. அலமாரியில் இருக்கும் ஒரு வரிசைப் புத்தகங்களை இரு பக்கமும் கையால் அழுத்திப் பிடித்து அப்படியே தூக்கும்போது, நடுவில் இருக்கும் புத்தகம் எதிலும் ஒட்டாமலேயே விழாமல் வருகிறதல்லவா, அந்த அழுத்தம்தான் பசை இல்லாத கற்களையும் வானத்தில் நிறுத்துகிறது. கைகளின் வேலையைப் பாலத்தில் தூண்களும் கரைகளும் செய்கின்றன. அழுத்தம் இருக்கும்வரை சாந்து தேவையில்லை. அழுத்தம் போய்விட்டால் எந்தச் சாந்தாலும் காப்பாற்ற முடியாது.

இதிலிருந்து கிடைக்கும் செய்தி பெரியது. ஒரு கல் வளைவு நிற்பதும் விழுவதும் கல்லின் வலிமையைப் பொறுத்ததல்ல, வடிவத்தைப் பொறுத்தது. இதை 1675-ல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் ஒரு லத்தீன் புதிர் வரியாக வெளியிட்டார்: தொங்கும் சங்கிலி எந்த வடிவம் எடுக்கிறதோ, அதைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவின் வடிவம் கிடைக்கும். சங்கிலியில் எல்லாம் இழுவை; புரட்டிப் போட்ட வளைவில் எல்லாம் அழுத்தம். அந்தத் தலைகீழ்ச் சங்கிலிக் கோடு கல்லின் தடிமனுக்குள் அடங்கியிருந்தால் போதும், வளைவு நிற்கும். ரோமர்களுக்கு இந்தக் கோட்பாடு தெரியாது. அவர்கள் பிடித்துக்கொண்ட அரைவட்டம் கோட்பாட்டின்படி மிகச் சிறந்த வடிவமும் அல்ல. ஆனால் அவர்கள் வளைவைத் தாராளமான தடிமனில் கட்டினார்கள். வளைவின் தோள்களுக்கு மேலே கல்லும் மண்ணும் நிரப்பி இறுக்கினார்கள். கோடு கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்தாலும் கல்லுக்குள்ளேயே இருந்தது. தெரியாத இடத்தில் கஞ்சத்தனம் காட்டாததுதான் அவர்களுடைய பாதுகாப்பு.

கட்டும்போது வளைவுக்கு உயிர் கிடையாது. முகட்டில் கடைசிக் கல் உட்காரும்வரை ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைத் தாங்க முடியாது. அதுவரை அத்தனை கல்லையும் சுமப்பது கீழே மரத்தால் அடித்த சென்ட்ரிங். 28 மீட்டர் அகல வளைவுக்கு, ஓடும் ஆற்றுக்கு மேலே, டன் கணக்கில் எடையுள்ள கற்களைத் தாங்கும் மரச் சட்டகம் என்பது தனியாக ஒரு பாலம் கட்டுவதற்குச் சமம். தெற்கு பிரான்சில் இருக்கும் போன்-து-கார் என்ற ரோம நீர்ப்பாலத்தைப் பார்த்தால் இந்த வேலையின் தடயம் இன்றும் தெரியும். தூண்களிலும் வளைவுகளின் அடியிலும் சில கற்கள் வேண்டுமென்றே வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. சாரமும் சென்ட்ரிங்கும் தரையிலிருந்து எழாமல் அந்தத் துருத்துக் கற்களின் மேலேயே உட்கார்ந்தன. வேலை முடிந்ததும் அவற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு முகத்தை மழமழப்பாக்கியிருக்கலாம். எடுக்கவில்லை. பழுது பார்க்கும் நாள் வந்தால் அவை மறுபடியும் உதவும்.

கடைசிக் கல் வைத்து, ஆப்புகளைத் தட்டிச் சென்ட்ரிங்கை இறக்கும்போது வளைவு லேசாகக் கீழே அமர்கிறது. தூண்களும் ஒரு மயிரிழை விலகிக்கொடுக்கின்றன. கற்களின் இணைப்பில் அங்கங்கே மெல்லிய திறப்பு விழுகிறது. பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். உண்மையில் அது வளைவு தன் இடத்தைத் தேடிக்கொள்ளும் விதம். ஒரு வளைவில் மூன்று இடங்களில் இப்படிக் கீல் போலத் திறந்தாலும் அது நிலையாகவே நிற்கும். நான்காவது இடத்திலும் திறந்தால்தான் மடங்கி விழும். சாந்தில்லாத கல் வளைவு பூமி அசைவுக்கும் தூணின் சிறு இறக்கத்துக்கும் ஏற்றபடி நெளிந்து கொடுத்துத் தப்பிப்பது இப்படித்தான்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. வளைவு கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வரிசையாக வளைவுகள் இருக்கும் பாலத்தில், ஒரு தூணை இடப்பக்க வளைவு வலப்பக்கமாகத் தள்ளும். வலப்பக்க வளைவு இடப்பக்கமாகத் தள்ளும். இரண்டும் சரிசமமாக இருந்தால் தூணுக்கு மிஞ்சுவது செங்குத்தான பாரம் மட்டுமே. இதைப் பார்த்ததும் கெட்டிக்கார எஞ்சினியர் ஒருவருக்கு என்ன தோன்றும்? தள்ளுதல்தான் ஒன்றையொன்று கழித்துவிடுகிறதே, தூணை மெலிதாக்கினால் கல்லும் மிச்சம், ஆற்றுக்கும் வழி கிடைக்கும் என்று தோன்றும். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எஞ்சினியர் ழான் ரொதோல்ஃப் பெரோனே பாரிசுக்கு அருகே நெய்யி பாலத்தில் இதைத்தான் செய்தார். அவருடைய தூண்களின் தடிமன் வளைவின் அகலத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அழகான பாலம், துணிச்சலான வேலை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஒரு வளைவின் சென்ட்ரிங்கை மட்டும் தனியே இறக்க முடியாது. ஐந்து வளைவுகளையும் சேர்த்தே விடுவிக்க வேண்டும். ஒன்று போனால் பக்கத்துத் தூண் எதிர்த்தள்ளுதல் இல்லாமல் சாயும், அதோடு அடுத்த வளைவும், அதற்கடுத்ததும்.

ரோமர்கள் அப்படிக் கழித்துக் கணக்குப் போடவில்லை. அவர்களுடைய தூண்கள் வளைவின் அகலத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு தடிமன் கொண்டவை. அல்காந்தராவின் நடுத் தூண்களிலும் அதே அளவுதான். அப்படிப்பட்ட தூண் பக்கத்து வளைவின் உதவியில்லாமலேயே நிற்கும். இதனால் கட்டும்போதே லாபம் உண்டு: ஒரு வளைவைக் கட்டி முடித்து, அதன் சென்ட்ரிங்கைக் கழற்றி, அடுத்த வளைவுக்கு எடுத்துப்போகலாம். மரமும் மிச்சம், ஆள்கூலியும் மிச்சம். அந்தச் சிக்கனத்துக்காகவே தூண்களைத் தடிமனாக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதனால் விளைந்த நன்மை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வேறு வடிவில் வந்தது.

1214-ல், கிறிஸ்தவ லியோன் அரசுக்கும் முஸ்லிம் ஆட்சியாளர்களுக்கும் இடையே நடந்த போர்களின்போது, பாலத்தின் சிறிய வளைவுகளில் ஒன்றை முஸ்லிம் படையினர் உடைத்தார்கள். மற்ற ஐந்தும் நின்றன. அந்த உடைப்பு 300 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்து, 1543-ல், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில், பழைய குவாரிகளிலிருந்தே கல் வெட்டி வந்து சரிசெய்யப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலுடன் மூண்ட போரில் மறுகரைக்குப் பக்கமாக இருந்த இன்னொரு வளைவு போனது. இம்முறை உடைத்தவர்கள் ஸ்பானியர்களே, எதிரி கடந்து வரக்கூடாது என்பதற்காக. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் ஆட்சியில் அது திரும்பக் கட்டப்பட்டது. 1809-ல் நெப்போலியனின் படை நெருங்கியபோது பிரிட்டன், போர்ச்சுகல் தரப்பு அதே வளைவில் வெடிமருந்து வைத்தது. முதல் வெடியில் வளைவு முழுதாக அறுபடவில்லை. பின்னர் மறுபடி வைத்துத்தான் வீழ்த்த முடிந்தது. வேண்டுமென்றே உடைக்க முயன்றபோதுகூட அந்தக் கல் சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்து நடந்தது பாலங்களின் வரலாற்றிலேயே தனி அத்தியாயம். மூன்று ஆண்டுகளில் போரின் திசை மாறியது. 1812-ல் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்கு அதே பாலம் தேவைப்பட்டது. அது இல்லாமல் ஆற்றின் இரு பக்கத்திலும் இருந்த அவருடைய படைகள் பெருந்தொலைவு சுற்றி வர வேண்டியிருந்தது. வளைவு இருந்த இடத்திலோ சுமார் 30 மீட்டர் வெற்றிடம்; கீழே பாதாளம். மரத்தால் மூட்டுப்போட நீளமான உத்தரங்கள் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அதிகாரி ஸ்டர்ஜன் வேறு யோசனை செய்தார். எல்வாஸ் கோட்டையில் இருந்த ராணுவப் பட்டறையில் தடித்த கயிறுகளையும் குறுக்குச் சட்டங்களையும் சேர்த்துப் பின்னி, பாய் போலச் சுருட்டக்கூடிய ஒரு பாலத்தைத் தயாரித்து வண்டியில் ஏற்றி வந்தார். உடைந்த இரு விளிம்புகளிலும் கனத்த மரங்களைப் பதித்து, கயிறுகளைக் கப்பி போட்டு இழுத்து முறுக்கேற்றி, மேலே பலகை பரப்பினார். அதன் மேல் படை போனது, பீரங்கிகளும் போயின. எதிரி வந்தால் உடனே கழற்றிச் சுருட்டிவிடவும் முடியும். இந்த வேலைக்கெல்லாம் அடிப்படை, உடைப்புக்கு இரு புறமும் இருந்த தூண்கள் அசையாமல் நின்றதுதான். இரு பக்கமும் முறுக்கேறிய கயிற்றின் இழுப்பை வாங்கிக்கொண்டது லாகெரின் கல். நெய்யி பாலத்தில் ஒரு வளைவை வெடிவைத்திருந்தால் ஸ்டர்ஜனுக்குக் கயிறு கட்ட ஒரு விளிம்பும் மிஞ்சியிருக்காது.

போருக்குப் பிறகு 1819-ல் மரத்தால் ஒரு தற்காலிகப் பழுது நடந்தது. 1836-ல், கார்லிஸ்ட் உள்நாட்டுப் போரில், அதுவும் அழிந்தது. 1860-ல்தான், இரண்டாம் இசபெல்லா அரசி காலத்தில், வளைவு மீண்டும் கல்லால் கட்டப்பட்டது. பாலத்தின் இணைப்புகளில் சாந்து ஏறியது அந்தச் சீரமைப்பில்தான். இன்று பாலத்தைப் பார்த்து ரோமச் சாந்தின் வலிமையை வியப்பவர்கள் உண்மையில் 19-ஆம் நூற்றாண்டுச் சாந்தையே பார்க்கிறார்கள்.

ஆற்றின் பக்கம் வருவோம். உலகெங்கும் பாலங்களைக் கொல்வது பெரும்பாலும் மேலே ஏறும் பாரமல்ல, கீழே நடக்கும் அரிப்பு. வெள்ளத்தில் தூணின் முன்னால் நீர் சுழன்று அடிமண்ணைத் தோண்டுகிறது. தூண் எத்தனை தடிமனாக இருந்தாலும், காலுக்கடியில் மண் போனால் சாயும். தடித்த தூண்கள் ஆற்றின் வழியை அடைத்து ஓட்டத்தை வேகப்படுத்துவதால் அரிப்பு இன்னும் கூடும். ரோமர்களின் தடித்த தூணுக்கு இருக்கும் உண்மையான குறை இதுதான்.

ரோம் நகரிலேயே இதன் இரு முகங்களையும் சில நூறு மீட்டர் இடைவெளியில் பார்க்கலாம். டைபர் ஆற்றின் மேல் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கட்டிய எமிலியுஸ் பாலம் மறுபடி மறுபடி வெள்ளத்தில் சேதமடைந்தது. 1557-லும் அடி வாங்கியது. 1598 வெள்ளத்தில் கிழக்குப் பாதி அடித்துச் செல்லப்பட்டது. பிறகு யாரும் அதைக் கல்லால் திரும்பக் கட்டவில்லை. இன்று ஆற்றின் நடுவே ஒற்றை வளைவு மட்டும் நிற்கிறது. உடைந்த பாலம் என்றே ஊர்க்காரர்கள் அதை அழைக்கிறார்கள். அதற்குச் சற்று மேலே, டைபர் தீவை இடக்கரையோடு இணைக்கும் ஃபாப்ரிகியுஸ் பாலம் கி.மு. 62-ல் கட்டப்பட்டது, இன்றும் மக்கள் அதில் நடந்து போகிறார்கள். அதன் இரண்டு பெரிய வளைவுகளுக்கு நடுவே, தூணின் மேல்பகுதியில், ஒரு சிறிய வளைவுத் திறப்பு இருக்கிறது. சாதாரண நாளில் அதற்கு வேலையே இல்லை. வெள்ளம் அந்த மட்டத்துக்கு ஏறும்போது நீர் அந்த வாயில் வழியாகவும் போய்விடும், தூணை முட்டித் தள்ளாது. அந்தப் பாலத்தில் கட்டியவரின் பெயரோடு இன்னொரு கல்வெட்டும் உண்டு: கி.மு. 21-ல் லொல்லியுஸ், லெபிதுஸ் என்ற இரு கான்சல்கள் (ரோமின் உயர் ஆட்சியாளர்கள்) பாலத்தைச் சோதித்து ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறது. கட்டி 40 ஆண்டுகள் கழித்து வந்த அரசுச் சோதனை அது.

அல்காந்தராவில் லாகெர் எடுத்த முடிவுகள் இதைவிட அடிப்படையானவை. பள்ளத்தாக்கின் பாறையிலேயே தூண்களை நிறுத்தினார். ஆற்றுமணலில் நின்றிருந்தால் மற்ற எல்லாத் திறமையும் வீணாகியிருக்கும். மிகப் பெரிய இரு வளைவுகளை ஆறு ஆழமாக ஓடும் நடுப்பகுதியில் வைத்ததால் ஓட்டத்துக்குள் நிற்கும் தூண்கள் குறைந்தன. மேலோட்டத்துப் பக்கம் தூண்களுக்குக் கூர்முனை வைத்தார், நீர் முட்டாமல் இரு புறமும் பிரிந்து போக. பாலத்தை அத்தனை உயரத்தில் தூக்கியது பகட்டுக்காக அல்ல; குறுகிய பள்ளத்தாக்கில் வெள்ளம் பரவ இடமில்லாததால் தாஹோ பயங்கரமாக ஏறும். எத்தனை ஏறினாலும் சாலைத்தளம் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஓடும் ஆற்றில் அடித்தளம் போடும் முறையை அதற்கு நூறாண்டுக்கு முன்பே ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் துறைமுகங்களைப் பற்றி எழுதும்போது விவரித்திருக்கிறார். நீருக்குள் மரத்தால் இரட்டைச் சுவராக அடைப்பு கட்டி, இடையில் களிமண் திணித்து, உள்ளே இருக்கும் நீரை இறைத்து வெளியேற்றிவிட்டு, வறண்ட தரையில் வேலை செய்வது ஒரு முறை. எரிமலைச் சாம்பல் கலந்த சுண்ணாம்பு நீருக்கடியிலேயே இறுகும் என்பதால் அதை நேரடியாக நீருக்குள் கொட்டுவது இன்னொரு முறை. ரோமச் சாந்தின் புகழ் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையிலிருந்து வந்தது, அந்த இடத்தில் அது நியாயமான புகழ்தான்.

டிராஜன் காலத்தில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், டான்யூப் ஆற்றின் மேல் இன்னொரு பாலமும் எழுந்தது. தமாஸ்கஸைச் சேர்ந்த அப்போலோதோருஸ் 103 முதல் 105 வரை கட்டிய அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 20 கல் தூண்கள், மேலே மர வளைவுகள். புகழில் அல்காந்தரா அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் மரம் கழற்றக்கூடியது. டிராஜனுக்குப் பின் வந்த ஹாத்ரியன், வடகரை எதிரிகள் அதன் வழியே வந்துவிடுவார்கள் என்று அஞ்சி மேல்பகுதியை அகற்றிவிட்டார் என வரலாற்றாசிரியர் காஸியுஸ் தியோ எழுதுகிறார். இன்று கரைகளில் சில தூண் சிதைவுகள் மட்டும் கிடக்கின்றன.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இத்தாலிய அறிஞர் விட்டோரியோ கல்லியாஸோ தொகுத்த ரோமப் பாலங்களின் பட்டியலில் 900-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பல இடிபாடுகளாகவே எஞ்சியவை. அவற்றுக்கும் அப்பால், தடயமே இல்லாமல் போன பாலங்களும் இருந்தன. நாம் வியப்பது தப்பிப் பிழைத்தவற்றை. ரோமர்கள் கட்டியதெல்லாம் நிலைத்தது என்பது உண்மையல்ல. நல்ல பாறையில், நல்ல கல்லில், யாரோ தொடர்ந்து பயன்படுத்திய சாலையில் அமைந்தவை நிலைத்தன.

நம் காலத்துப் பாலங்களோடு ஒப்பிடும்போதும் இதே நிதானம் வேண்டும். ஜெனோவா நகரின் மொராந்தி பாலம் 1967-ல் திறக்கப்பட்டு 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்தது. 43 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது ரோமர்களைப் பாருங்கள் என்று பலரும் எழுதினார்கள். வித்தியாசம் திறமையில் இல்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு இழுவையைத் தாங்குகிறது. அதனால்தான் கல் கனவிலும் எட்டாத தூரத்தை மெலிதான பாலம் எட்டுகிறது. ஆனால் ஈரம் உள்ளே போனால் இரும்பு துருப்பிடிக்கும், வெளியே தெரியாமலே. அல்காந்தரா வளைவில் துருப்பிடிக்க இரும்பில்லை, இழுவையும் இல்லை. மறுபுறம், இன்று ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தை அல்காந்தரா முறையில் கட்டக் கிளம்பினால் ஆகும் கல்லையும் கூலியையும் எந்த அரசும் ஏற்காது. நவீன பாலம் தன் மெலிவுக்கு ஈடாக இடைவிடாத கண்காணிப்பைக் கேட்கிறது. அதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு எஞ்சினியரிங்கையே குறை சொல்வது நேர்மையல்ல.

கல் பாலத்துக்கு மட்டும் கவனிப்பு வேண்டாமா என்றால், அதற்கும் வேண்டும். ஆனால் அது வேறு வகையானது: உடைந்தால் திரும்பக் கட்டலாம். வெரோனாவில் அதிஜே ஆற்றின் மேலிருந்த ரோமக் காலத்துப் பியெத்ரா பாலத்தை 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. போருக்குப் பின் ஆற்றுக்குள் விழுந்த கற்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, 1950-களின் கடைசியில் அதே கற்களால் மறுபடி எழுப்பினார்கள். விழுந்த கல் கல்லாகவே இருக்கிறது. நொறுங்கிய கான்கிரீட்டை இப்படி எடுத்து அடுக்க முடியாது.

அல்காந்தராவில் பாலத்தின் தென்கரையில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. ஒரே அறை, கருங்கல் சுவர், கல் பலகைகளால் வேய்ந்த சரிந்த கூரை. பேரரசருக்கும் ரோமத் தெய்வங்களுக்கும் எழுப்பியது. பின்னாளில் சான் ஹுலியான் பெயரில் கிறிஸ்தவ வழிபாட்டு இடமாக மாறியதால் யாரும் கல்லைப் பெயர்த்துப் போகவில்லை. பயன்பாடுதான் காவல் என்பதற்குப் பாலத்தோடு இதுவும் ஒரு சான்று. அதன் வாசலுக்கு மேலே லத்தீன் செய்யுள் ஒன்று இருக்கிறது. உலகம் உள்ளவரை நிலைக்கும் பாலத்தைப் புகழ்மிக்க லாகெர் தெய்வீகக் கலையால் செய்தார் என்கிறது. கட்டடக் கலைஞர்களின் பெயரை ரோம உலகம் பெரும்பாலும் மறந்துபோனது. இவர் பெயர் பிழைத்தது இந்த வரிகளால்தான்.

1969-ல் பாலத்துக்குச் சற்று மேலே, அரைக் கிலோமீட்டர் தூரத்தை ஒட்டி, ஹோசே மரியா தெ ஒரியோல் என்ற பெரிய அணை கட்டி முடிக்கப்பட்டது. பாலத்தைவிட அணை மிகவும் உயரம். பாலத்திலிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் பள்ளத்தாக்கை அடைத்து நிற்கும் கான்கிரீட் சுவர்தான் தெரிகிறது. அந்தக் காட்சியை நான் விரும்பவில்லை. ஆனால் அணையால் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. அது ஆற்றை நிறுத்தியபோது பாலத்தின் கீழே தாஹோவின் படுகை வற்றியது. நடுத் தூண்களின் அடிப்பகுதியை எஞ்சினியர்கள் வறண்ட தரையில் நின்று பார்த்தார்கள், பழுதுகளை முழுமையாகச் சரிசெய்தார்கள். 19 நூற்றாண்டுகள் நீரோட்டத்தை வாங்கிய தூண்களுக்குத் தேவைப்பட்டது பழுதுபார்ப்பு மட்டுமே, மாற்று அல்ல. 20-ஆம் நூற்றாண்டில் இந்தத் தூண்களின் மேல்தான் காரும் லாரியும் எல்லைப் பக்கம் போய் வந்தன.

இனி அந்தப் பாலத்துக்கு வரக்கூடிய ஆபத்து பெருவெள்ளத்திலிருந்து அல்ல. வளைவின் மேலிருக்கும் நிரப்புக்குள் மழைநீர் தேங்குவது, இணைப்புகளில் செடி வேர்விட்டுக் கல்லை நகர்த்துவது, கனரக வண்டிகளின் அதிர்வு ஆகியவைதான் இன்று இத்தகைய பாலங்களில் பார்க்க வேண்டியவை. மூன்றுக்குமே மருந்து உண்டு: சாலைத்தளத்தில் நீர் வடியும் வழியை அடைபடாமல் வைத்திருப்பது, செடியை வேர் இறங்கும் முன்பே பிடுங்குவது, பாரத்துக்கு வரம்பு வைப்பது.